மேடை நாகரிகமும் வீட்டுத் தையல் யந்திரமும்

பொங்கலுக்குப் புத்தாடை எடுக்கும் பேச்சு, மாதச் சம்பளக் குடும்பங்களில் தீபாவளிக் கடன் தீருமுன்னரே தொடங்கிவிடும். சென்ற ஆண்டு அந்தப் பேச்சு நம் இல்லத்தில் வழக்கத்தினும் சற்றுக் கடுமையாகவே நடந்தது. காரணம், பன்னிரண்டு வயது நிரம்பிய நம் மூத்த மகள். ஒரு நாள் மாலை அவள் கைப்பேசியில் ஒரு பாஷன் காட்சியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நீண்டு ஒடுங்கிய மேடை, இருமருங்கும் பிரமுகர்கள், நடுவே ஓர் இளநங்கை முழங்கால்வரை நீண்ட பட்டு மேலங்கி அணிந்து நடந்து வருகிறாள். அங்கியின் முன்திறப்பில் இருபுறமும் ஜரிகைக் கரை மேலிருந்து கீழாக ஓடுகிறது.

“சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு எனக்கு இதைப் போல் ஒன்று வேண்டும், அப்பா” என்றாள்.

அதனை ஒத்த அங்கி ஒன்று கடையில் 4,800 ரூபாய்க்கு விற்றது. நம் குடும்பத்தார் அனைவருக்கும் சேர்த்துப் புத்தாடைக்கென நாம் ஒதுக்கியிருந்த தொகை 6,000 ரூபாய். இந்தக் கணக்கைக் குழந்தைக்கு விளக்க முயன்றோம். அவள் அழவில்லை, “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கூடத்தின் மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நம் தாயார் தலை நிமிராமலே சொன்னார்: “என் முகூர்த்தப் பட்டு பெட்டியில் சும்மாத்தானே கிடக்கிறது.”

அதற்கு அன்றிரவு எவரும் மறுமொழி சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் வாங்கிய அரக்கு வண்ணக் காஞ்சிபுரம் பட்டு அது, பச்சைக் கரை. வாங்கித் தந்தவர் இன்று இல்லை. ஊரில் இருந்த வீடும் இன்று நம்முடையதன்று. அந்தப் புடவையின்மேல் கத்தரிக்கோலை வைப்பதா என்பதே நம் வீட்டில் இரண்டு வாரம் நிலவிய கேள்வி. அதற்கு விடை கண்ட வகையையும், அதன் வாயிலாக நாம் அறிந்துகொண்டவற்றையும் சங்க அன்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் போன்ற வீடுகள் பலவற்றிலும் இத்தகைய பெட்டியும், இத்தகைய பட்டும், இத்தகைய பெண் குழந்தையும் உண்டு.

பாரிஸில் நாகரிகம் செய்தவர்கள்

மேடையில் தோன்றும் ஆடைகளெல்லாம் நம்மால் எட்டமுடியாத உலகத்தைச் சேர்ந்தவை என்றே நாமும் எண்ணியிருந்தோம். அவற்றின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது அந்த எண்ணம் மாறியது. பாரிஸ் நகரின் உயர்தரத் தையற்கலைக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் சார்லஸ் பிரெடரிக் வொர்த். அவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். இங்கிலாந்திலிருந்து இளம் வயதில் பாரிஸுக்குப் பிழைக்க வந்தவர். துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்து, 1858ஆம் ஆண்டில் தமது தையலகத்தைத் தொடங்கினார். ஆடைகளைப் பொம்மைக்கு உடுத்திக் காட்டுவதோடு நில்லாமல் உயிருள்ள பெண்களுக்கு அணிவித்துக் காட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இன்றைய மேடைக் காட்சியின் வித்து அங்கே இருக்கிறது.

அவருக்குப் பின் வந்தவர்களையும் பாருங்கள். எல்ஸா ஸ்கியாபரெல்லி இத்தாலியிலிருந்து வந்தவர். கழுத்தருகே துணி முடிச்சுக் கட்டியிருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும்படி அவர் வகுத்த கம்பளிச் சட்டை 1927ஆம் ஆண்டில் பெரும்புகழ் பெற்றது. உண்மையில் அங்கே முடிச்சு ஒன்றும் இல்லை. கறுப்பிலும் வெள்ளையிலும் பின்னிய சித்திரமே அது. அதைப் பின்னித் தந்தவர் தாயகம் இழந்து பாரிஸில் வாழ்ந்த ஓர் ஆர்மீனியப் பெண்மணி. கிறிஸ்டோபல் பாலென்சியாகா ஸ்பெயினிலிருந்து வந்தவர். ஈவ் ஸாங் லோரான் 1936ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பிறந்தவர். ஆக, பாரிஸ் நாகரிகம் என்று உலகம் கொண்டாடுவதை ஆக்கியவர்களில் ஒரு பெரும் பங்கினர் அயலூரில் குடியேறி ஊசி பிடித்தவர்களே. கல்யாணிலும் தாராவியிலும் யந்திரம் மிதிக்கும் நம்மவர் இதைக் கேட்டு வியப்படையக்கூடும், கூச்சப்பட வேண்டியதில்லை.

மற்றொன்றும் கூறவேண்டும். பாரிஸ் தையலகங்களில் விலையுயர்ந்த துணியை எடுத்த எடுப்பிலே வெட்டுவதில்லை. முதலில் மலிவான வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு மாதிரி தைத்து, உடலில் வைத்துப் பார்த்து, குண்டூசி குத்தித் திருத்துகிறார்கள். அது சரியான பின்னரே பட்டு மேசைக்கு வரும். நம் வீட்டில் அந்தப் பருத்தித் துணிக்குப் பழைய வேட்டி என்று பெயர்.

பற்றாக்குறையும் ஒரு தையலாசிரியர்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் ஓர் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன்கள். காசு இருந்தாலும் கூப்பன் இன்றித் துணி கிடையாது. 1943ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கமே பழையதைத் தைத்து உடுத்தும் வழிகளைக் கூறும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டது. ஆடவர் கால்சட்டையிலிருந்து பெண்களுக்குப் பாவாடையும், பாராசூட் பட்டிலிருந்து உள்ளாடையும் பிறந்தன.

இந்த நிலையில் 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தம் முதற் காட்சியை நடத்தினார். இறுகிய இடை, கணுக்காலை நோக்கி இறங்கிப் பல கஜம் துணியை விழுங்கும் அகன்ற பாவாடை. பிரிட்டனிலோ பங்கீடு 1949ஆம் ஆண்டு மார்ச் வரை நீடித்தது. அப்பெண்கள் என்ன செய்தார்கள்? பழைய பாவாடையின் கீழ்ப்புறத்தில் வேறு வண்ணத் துணிப்பட்டை ஒன்றை இணைத்து நீளத்தைக் கூட்டிக்கொண்டார்கள். வளரும் பெண்ணின் பாவாடைக்கு நம் பாட்டிமார் ஆண்டுதோறும் செய்துவந்த அதே வேலைதான் இது.

படத்தைப் படிக்கும் முறை

மேடைப் படம் ஒன்றைப் பார்த்து அதை அப்படியே தைக்க முயல்வோர் பெரும்பாலும் தோல்வியுறுவர். அந்த ஆடை பலர் பல நாள் செய்த வேலை. துணியும் வேறு, உடலும் வேறு. ஆகவே படத்தில் மூன்றை மட்டும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, வெளிவடிவம்: நேராக விழுகிறதா, இடையில் ஒடுங்குகிறதா, கீழே விரிகிறதா? இரண்டாவது, வண்ணமும் கோடும்: எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம்? மூன்றாவது, கண்ணை முதலில் இழுக்கும் ஒரே ஓர் அலங்காரம். இம்மூன்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு ஏனையதை விட்டுவிடுவதே விவேகம்.

இதற்குச் சிறந்த உதாரணம் ஸாங் லோரான் 1965ஆம் ஆண்டு இலையுதிர்காலத்துக்கென வெளியிட்ட நேர்வடிவ உடைகள். பீட் மோண்ட்ரியான் என்னும் டச்சு ஓவியரின் படங்களைப் பார்த்து அவற்றை வகுத்தார். வெள்ளைக் கட்டங்கள், கறுப்புப் பட்டைகள், அங்கங்கே சிவப்பு, நீலம், மஞ்சள். இடை ஒடுக்கமோ மடிப்போ கண்ணுக்குத் தெரிவதில்லை. நேர்க்கோடாகத் தைக்கத் தெரிந்த எவரும் அந்த வடிவத்தை வீட்டில் முயலலாம். எஞ்சிய துணித்துண்டுகளே போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கட்டங்கள் ஒரு நூல் பிசகினாலும் கோணல் பளிச்சென்று தெரியும். எளிய வடிவம் தவறுகளை மறைக்காது.

நம் மகள் காட்டிய படத்திலும் இவ்வாறே பார்த்தோம். வடிவம் நேரானது. வண்ணம் ஒன்றே. கண்ணை இழுப்பது முன்புறம் இறங்கும் கரை. இவ்வளவே அந்த 4,800 ரூபாயின் இரகசியம்.

அறுபது அங்குலம்

வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை சொன்னது ஒரு செய்தித்தாள்தான். மகளுக்குச் சரியாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றை விரித்து, பழைய தாள்களை ஒட்டி அதன்மேல் வைத்து வரைந்தோம். தோளிலிருந்து முழங்கால்வரை 36 அங்குலம்; கீழ் மடிப்புக்கும் தோள் தையலுக்குமாக 3 அங்குலம் கூட்டி 39 அங்குலம். முதுகுப் பகுதி தையலுக்கு விட்டது போக 18 அங்குல அகலம்; ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் சேர்த்து 20. முன்பகுதிகள் இரண்டும் தலைக்கு 11. வளரும் குழந்தைகளுக்குப் பக்கத் தையலில் அரை அங்குலம் விடுவதற்குப் பதிலாக ஓர் அங்குலம் விட்டால் அடுத்த ஆண்டு பிரித்துப் பெரிதாக்கலாம். கூட்டிப் பார்த்தால் மொத்த அகலம் 42 அங்குலம். புடவையின் அகலமோ 48.

தாளை வைத்துக்கொண்டு நாமும் மனைவியும் கரையை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று குழம்பிக்கொண்டிருந்தோம். தாயார் அருகில் வந்து பார்த்தார்.

“கரையை ஏன் வெட்டுகிறீர்கள்? புடவைக்கு இரண்டு பக்கமும் கரை இருக்கிறதே. ஒரு முன்பக்கத்தை இந்தக் கரையில் வை, மற்றதை அந்தக் கரையில் வை. முதுகு நடுவில் வந்துவிடும்” என்றார்.

அவர் சொன்னவாறே தாள்களை வைத்தோம். மூன்று பகுதிகளும் பக்கம் பக்கமாக அமைந்தன. கரை தானாகவே முன்திறப்பில் வந்து நின்றது. புடவையின் ஓரமே அங்கியின் ஓரமாகிவிட்டபடியால் அங்கே மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. உடலுக்கு 39 அங்குல நீளம், கைகளுக்கு 20 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஆக 60 அங்குலம். ஆறு கஜம் என்பது 216 அங்குலம். இடுப்பில் செருகும் முனையிலிருந்து 60 அங்குலம் எடுத்தால், முந்தானையும் அதனை அடுத்த பகுதியும் அப்படியே இருக்கும். முழுப் புடவையையும் பலியிடப் போகிறோம் என்று இரண்டு வாரம் அஞ்சியது வீண் என்று அப்போதுதான் விளங்கிற்று.

“முந்தானையைத் தொடாதே. மற்றது உன் விருப்பம், அம்மா” என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத் தாயார் அடுக்களைக்குப் போய்விட்டார். கத்தரிக்கோலின் ஓசை கேட்கும்வரை அங்கே பாத்திரம் துலக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

நமது சிக்கனமும் அதன் தண்டனையும்

பழைய பட்டைச் சோதிப்பதற்குச் சில முறைகள் உண்டு. அதை விளக்கின் எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் ஒரே மடிப்பில் கிடந்த இடங்களில் ஒளிக்கோடு தெரியும். அந்த இடத்தில் இழைகள் தேய்ந்தோ முறிந்தோ இருக்கும். இரு கட்டைவிரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்து, நெகிழும் இடங்களைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், நனைத்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சாயம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சென்னையிலிருந்து ஏற்றுமதியான கைத்தறிக் கட்டத்துணி ‘மெட்ராஸ்’ என்னும் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் அத்துணியால் ஆன உடைகள் சலவையில் சாயம் விட்டன, வாங்கியவர்கள் சினந்தார்கள். வணிகர்களோ, ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் தோற்றம் பெறும் அபூர்வத் துணி என்று அக்குறையையே பெருமையாக விளம்பரம் செய்து, அதை 1960களின் பாஷனாக்கிவிட்டார்கள். நமக்கு அத்தகைய விளம்பரத் திறமை இல்லை. ஆதலால் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

தாயாரின் பட்டு சாயம் விடவில்லை. ஆனால் மடிப்புக் கோடுகள் பலவீனமாய் இருந்தன. ஆகவே பழைய வேட்டியை உள்துணியாக வைத்து, பட்டையும் அதையும் சேர்த்து நூலோட்டி, இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தைப்பது என்று மனைவி முடிவு செய்தார். அவ்வாறு செய்தால் தையலின் இழுப்பைப் பருத்தி தாங்கும். பட்டு வெறுமனே மேலே கிடக்கும். நல்ல யோசனை. ஆனால் ஒரு வேட்டி உடலுக்கு மட்டுமே போதுமாயிருந்தது. “கைகளுக்கு எதற்கு உள்துணி? இன்னொரு வேட்டியை ஏன் கெடுக்க வேண்டும்?” என்று சிக்கனம் பேசியவர் நாமே.

அங்கி முடிந்த அன்று மகள் அதை அணிந்து பார்த்தாள். கண்ணாடியின் முன் நின்று கையை உயர்த்தினாள். வலக் கையில் பட்டு, பழைய மடிப்புக் கோட்டின் வழியே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. கூடத்தில் எவரும் பேசவில்லை. குழந்தை அசையாமல், உயர்த்திய கையை இறக்காமலே நின்றாள். இறக்கினால் இன்னும் கிழியுமோ என்ற அச்சம். தாயார்தான் எழுந்து வந்து பொத்தானைக் கழற்றி அங்கியை வாங்கிக்கொண்டார். “புடவை எங்கும் போகவில்லை. கைக்கு வேறு துண்டு வெட்டு” என்றார்.

மேலும் 20 அங்குலம் வெட்டினோம். இம்முறை குறித்த கோடுகளை விலக்கி வெட்டி, நம் இன்னொரு வேட்டியையும் உள்ளே வைத்தோம். மூன்று வேட்டிகளில் இரண்டு போயின; நியாயந்தான்.

தைப்போர் கவனிக்க வேண்டிய மற்றவை: பட்டுக்குப் பதினோராம் எண் ஊசியே ஏற்றது, தடித்த ஊசி துளைகளை விட்டுவிடும். தையல் மிக நெருக்கமாக இருந்தால் துளைகள் வரிசையாக அமைந்து, தபால்தலை கிழிவதுபோல் துணி கிழியும்; ஆகையால் சற்று நீண்ட தையல் போடுக. குண்டூசியைத் தையலுக்கென விட்ட ஓரத்தில் மட்டுமே குத்துக. ஜரிகையின்மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காமல் இடையே மெல்லிய பருத்தித் துணியை இடுக.

கைப்பையும் குஞ்சலமும்

ஆடைக்கு ஏற்ற அணிகலன் வேண்டுமன்றோ? பார்சல் அலுவலகத்தில் நாள்தோறும் மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவர் நாம். நீலமும் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பெரிய நைலான் பைகளை அறியாத ரயில் பயணி இல்லை. பிழைப்புத் தேடிப் போகிறவரின் உடைமையெல்லாம் அதற்குள் அடங்கும். 1983ஆம் ஆண்டில் நைஜீரிய அரசு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டவரை வெளியேறச் செய்தது. அவர்களில் பெரும்பாலோர் கானா நாட்டவர். கைக்கு எட்டியதை இத்தகைய பைகளில் திணித்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பைக்கு ‘கானாக்காரரே போய்விடுங்கள்’ என்னும் பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது. அதே கட்டங்களைக் கொண்ட கைப்பைகளை 2007ஆம் ஆண்டு வசந்தகாலக் காட்சியில் லூயி வித்தோன் நிறுவனம் மேடையேற்றியது. ஏழையின் மூட்டை செல்வரின் தோளில் ஏறிற்று.

இதை அறிந்தபோது நம் அடுக்களை ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் வயர் கூடையை நாம் புதிய கண்ணோடு பார்த்தோம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எத்தனை பின்னல்கள்! நம் அன்னையர் காய்கறிக்கும், பள்ளிச் சாப்பாட்டுக்கும், மருத்துவமனைக்கும் தூக்கிச் சென்ற கூடை அது. தாயார் ஒரே கட்டு வயரில், அரக்கு நிறத்தில், மகளுக்கென ஒரு சிறிய சிவன் கண் பை பின்னித் தந்தார். கிழிந்த கைத்துண்டின் நல்ல பகுதியை உள்ளுறையாகத் தைத்து, கைப்பிடியில் கரைத்துண்டைச் சுற்றினோம். கிழிசல் இவ்வாறு பயன்பட்டது.

துணித்துண்டுகளுக்கும் வேலை உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் டியோர் நிறுவனம் தன் காட்சியை மும்பை இந்திய நுழைவாயிலின் முன்பு நடத்தியது. பின்னணியில் மிகப் பெரிய தோரணம் ஒன்று எழுந்து நின்றது. மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளியைச் சார்ந்த கைவினைஞர்கள் அதை ஆக்கினார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. முக்கோணத் துண்டுகளை இரட்டையாக மடித்துத் தைத்து ஒரு நாடாவில் கோத்தால் கழுத்தணியாகும். நுனிதோறும் சிறு குஞ்சலம் தொங்கவிடலாம்.

குஞ்சலம் செய்யும் வகை எளிது. மூன்று அங்குல அட்டையில் பட்டு நூலை அறுபது சுற்றுச் சுற்றுக. மேல் விளிம்பின் அடியில் ஒரு நூலைச் செலுத்தி இறுக முடிக. கீழ் விளிம்பை வெட்டி அட்டையை நீக்குக. தலைப்பிலிருந்து கால் அங்குலம் கீழே மற்றொரு நூலால் கழுத்துக் கட்டுக. நுனியைச் சமமாகக் கத்தரிக்க. பழைய பிளாஸ்டிக் வளையல்களின்மேல் ஓர் அங்குல அகலத் துணிப்பட்டையைச் சாய்வாகச் சுற்றி நுனியைப் பசையிட்டு ஒட்டினால் உடைக்கு இசைந்த வளையல்களும் கிடைத்துவிடும்.

யாருடையது எது?

இவ்விடத்தில் நியாயம் ஒன்றையும் பேசவேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் ஆடவர் காட்சியில் காட்டிய தோற்செருப்பு, நம் மராட்டிய அண்டை வீட்டார் அணியும் கோலாப்புரிச் செருப்பை ஒத்திருந்தது. கோலாப்பூரின் பெயர் முதலில் சொல்லப்படவில்லை. கோலாப்புரிச் செருப்போ 2019ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றது. மகாராஷ்டிரத்தில் எதிர்ப்பு எழுந்த பின்னர், இந்தியக் கைவினை மரபே தனக்குத் தூண்டுதல் என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பிறருக்கு நாம் சொல்லும் நீதி நமக்கும் பொருந்தும். மேடையில் கண்ட கருத்தை நம் குழந்தைக்கு ஓர் ஆடையாகத் தைப்பது குற்றமன்று. ஆனால் பெரிய நிறுவனங்களின் பெயரையும் முத்திரையையும் போலியாக ஒட்டி அணிவது அழகன்று. விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி தண்டனைக்குரியது. எதைப் பார்த்துச் செய்தோம் என்று கேட்டவருக்குச் சொல்லிவிடுவதில் நமக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

கணக்கு

நூல் 60 ரூபாய், ஊசிகள் 30, பொத்தான் 20, தோளின் உள்நாடா 50, கூடை வயர் ஒரு கட்டு 90, குஞ்சலத்துக்குப் பட்டு நூல் 40. ஆகச் செலவு 290 ரூபாய். இவ்வளவோடு நிறுத்திவிட்டு மார்தட்டிக்கொள்வது எளிது. ஆனால் மனைவி பதினொரு மாலைகள், மாலைக்கு இரண்டு மணி நேரமாக, 22 மணி நேரம் யந்திரத்தின்முன் அமர்ந்தார். மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாகக் கூலி வைத்தாலும் 1,100 ரூபாய். ஆகவே உண்மை விலை 1,390 ரூபாய். வீட்டுப் பெண்களின் உழைப்பை இலவசம் என்று எழுதும் கணக்கு பிழையான கணக்கு. அந்தப் பதினொரு மாலைகளும் சமையல் வேலையில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம். ரசத்தைப் பற்றி வந்த விமரிசனங்களை இங்கே எழுதுவதற்கில்லை.

விழா நாளில் மகள் அங்கியை அணிந்து புறப்பட்டாள். இடத்தோள் வலத்தோளைவிட அரை விரற்கடை உயர்ந்திருந்தது. அதை அவள் அறிவாள். பையை இடத்தோளில் மாட்டிக்கொண்டு மறைத்துக்கொண்டாள். ‘வீட்டுத் தையல்’ என்று யாரேனும் சிரிப்பார்களோ என்று வழியெல்லாம் அவளுக்கு ஒரு கலக்கம். மாடிப்படியில் எதிர்ப்பட்ட மராட்டிய அம்மையார் கரையைத் தொட்டுப் பார்த்து, “இது பைடணியா?” என்று வினவினார். மகள் வாய் திறப்பதற்குள், முப்பது சொல்லுக்கு மேல் மராத்தி அறியாத நம் தாயார் முன்வந்து, “நஹி, நஹி. காஞ்சிபுரம். என்னுடைய கல்யாணப் பட்டு” என்று பாதி மராத்தியும் பாதித் தமிழுமாகச் சொன்னார். அப்பெண்மணிக்கு முழுதும் விளங்கியது. பேத்தி ஆச்சியின் கையைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

சங்கத்தாருக்கு நாம் பணிந்து கூறுவது ஒன்றுண்டு. நம்மிடையே தையற்கடைகளில் பணியாற்றும் அன்பர்கள் பலர் உள்ளனர். கூடை பின்னவும் பூவேலை செய்யவும் அறிந்த மூதாட்டியரும் உள்ளனர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கி, அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லித்தர வழி செய்தால் நன்று. நூலும் பழந்துணியும் நாமே கொண்டுவரலாம். சொல்லித்தருவோருக்கு ஒரு சிறு தொகையேனும் அளிக்க வேண்டும் என்பதும் நம் கருத்து.

நம் வீட்டுப் புடவையில் இன்னும் 136 அங்குலம், முந்தானை உட்பட, பெட்டியில் இருக்கிறது. இளைய மகள் அதை ஒரு முறை எடுத்து அளந்து பார்த்திருக்கிறாள். தாயார் அதை இப்போது பழைய கோடுகளில் மடிப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறார். நாற்பது ஆண்டு ஒரே மடிப்பில் கிடந்ததால்தான் அந்தக் கை கிழிந்தது. அன்பர்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் கொள்ளாவிட்டாலும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, வீட்டிலுள்ள பட்டுகளை மடிப்பு மாற்றி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.